பலகையில் வரைந்த கடிதம்

ஒருவரைப் பழிவாங்குவதற்காக நான் ஐந்து மாதம் இருந்து ஒரு படம் வரைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எந்த வேலையையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

ஜப்பான் யுத்தத்துக்குச் சற்று முந்திய வருஷங்கள் அவை. கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். எங்களோடு அவருடைய அக்காவும் அக்காவின் ஒரே மகளும் இருந்தார்கள். அந்த அக்கா, என் மச்சாள், இருபத்தாறு வயதில் புருஷனை இழந்தவர். அதற்கும் முன்பே தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். ஆகவே வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும். எனக்கு அதில் பெரிய குறையும் இருக்கவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. மச்சாளின் மகள், என் மருமகள், என் மடியில்தான் வளர்ந்தாள்.

ஒழுங்கையில் மச்சாளுக்கு நல்ல பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தங்களுக்கு வரும் கடிதங்களை அவரிடம் கொண்டுவந்து வாசிப்பித்துக்கொண்டு போவார்கள். பதிலும் அவரே எழுதிக்கொடுப்பார். வீட்டில் ஆளில்லாத நேரம் தபால்காரர் அயல்வீட்டுக் கடிதங்களைக்கூட மச்சாளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக் கடிதங்கள் முன்ஹோலில் ஒரு பலகையில் செருகப்பட்டிருக்கும். பச்சைத் துணி ஒட்டிய பலகை. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நாடா இழுத்து, முனைகளில் பித்தளை ஆணி அடித்திருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் மச்சாள்தான் வாங்கி அந்த நாடாவுக்குள் செருகுவார். செருகுமுன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னுடைய ஐயா துறைமுகப் பக்கத்தில் வேலை பார்த்தவர். நான் பிறந்ததும் படித்ததும் கொட்டாஞ்சேனையில். பென்சன் எடுத்த பிறகு ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

மருமகள் பெரியபிள்ளையானாள். சடங்கை விமரிசையாகச் செய்ய வேண்டும் என்று மச்சாள் நின்றார். அதைக் குறை சொல்ல மாட்டேன். தகப்பனில்லாத பிள்ளை என்று யாரும் இரக்கப்படக் கூடாது என்பது அவருக்கு வைராக்கியம். தாய் விதவை என்பதால் அவர் சபையில் முன்னுக்கு வர முடியாது. பால் அறுகு வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியது தாய்மாமனும் மாமியும். அதாவது என் கணவரும் நானும். ஞாயிற்றுக்கிழமை நாள் வைத்தார்கள். அந்த ஞாயிறு நான் பட்டுச்சேலை கட்டி, பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, நூறு பேருக்குச் சோறு போட்டேன்.

திங்கட்கிழமை காலை, கிணற்றடியில் பெரிய அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. ஐயா காலமானார்.

அன்று இரவு ரயிலேறி அடுத்த நாள் காலை போய்ச் சேர்ந்தோம். முதல்நாள் பின்னேரமே தகனம் முடிந்துவிட்டது. அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை. தள்ளி நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"காயிதம் கிடைக்கேல்லையே பிள்ளை?"

"என்ன காயிதம் அம்மா?"

"ஐயா தன்ர கையாலை எழுதினவர். போன கிழமை திங்கள் போட்டது. கையெல்லாம் நடுங்க நடுங்க, நான் எழுதுவிக்கிறன் எண்டு சொல்லவும் கேக்கேல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் வாசல் படலையையே பாத்துக்கொண்டு கிடந்தவர்."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொழும்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மச்சாளிடம் கேட்டேன். அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு காயிதமும் வரேல்லை பிள்ளை. தபாலிலை எங்கையோ தவறிப்போட்டுது. வந்திருந்தா நான் வைச்சுக்கொண்டிருப்பனே? அண்டைக்கே உம்மை ரெயில் ஏத்தியிருப்பன்."

துக்கம் விசாரிக்க வந்த ஒழுங்கைப் பெண்களுக்கும் அதையே சொன்னார். பாவம், கடைசி நேரத்தில் தகப்பனைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, தபால்காரர்கள் இப்போதெல்லாம் அப்படி என்று. நானும் நம்பினேன்.

ஒரு கிழமை கழித்து, மச்சாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் தபால்காரர் வந்தார். வயதான சிங்களவர். அவரைப் பற்றித் தவறாகப் பேசப்படுகிறதே என்ற எண்ணத்தில்தான் கேட்டேன், போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஏதாவது கடிதம் வந்ததா என்று. அவர் யோசிக்கவே இல்லை. வந்தது, அன்று நல்ல மழை, பை ஒழுகி உறையின் ஒரு மூலை நனைந்துவிட்டது, மை கரைந்துவிட்டதே என்று தன் கோட்டுக் கையால் துடைத்துத்தான் கொடுத்ததாகச் சொன்னார்.

"மம லொகு நோனாகே அதட துன்னா" என்றார். பெரிய நோனாவின், அதாவது மச்சாளின், கையிலேயே கொடுத்தாராம். சடங்குக்கு ஐந்து நாள் முன்னால்.

காரணத்தைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நான் யாழ்ப்பாணம் போனால் தண்ணீர் வார்க்க மாமி இல்லை. ஐயாவுக்கு ஏதாவது நடந்துவிட்டால் துடக்கு, தீட்டு வீட்டில் சடங்கே இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கிழவனுக்கு ஞாபகப் பிசகா இருக்கும். அக்கா பொய் சொல்லமாட்டா. இதை இதோட விடும்."

விடவில்லை. சண்டை போட்டால் மச்சாள் அழுவார், கணவர் அக்காவின் பக்கம் நிற்பார், ஒழுங்கை முழுக்க நான் நன்றி கெட்டவள் ஆவேன். அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். மச்சாள் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். கடலுக்குள் சூரியன் இறங்கும்வரை ஹோலில் உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்திருந்த ஒரு பின்னேரம்தான் வழி தெரிந்தது.

கொட்டாஞ்சேனைக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படம் கீறச் சொல்லித்தந்தவர் ஒரு பறங்கி ரீச்சர். பழங்களும் பூச்சாடிகளும்தான் பாடம். ஒருமுறை அவர் விளையாட்டாக வகுப்புச் சுவரில் ஆணி ஒன்றை நிழலோடு வரைந்துவைக்க, உள்ளே வந்த மதர் தன் குடையை அதில் கொழுவப் போய்க் குடை கீழே விழுந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு எண்ணெய்ச் சாயம் நன்றாக வரும். கல்யாணத்துக்குப் பிறகு தூரிகையைத் தொட்டதில்லை.

ரீச்சர் அப்போதும் அதே கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குக் கிட்ட இருந்தார். சனிக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் இடம் தந்தார். வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி டிராம் எடுத்துப் போவேன். வீட்டில் படம் கீறப் போகிறேன் என்று உண்மையைத்தான் சொன்னேன்.

"போகட்டும் தம்பி, மனசு ஆறும்" என்று மச்சாளே எனக்காகப் பேசினார்.

மருதானையில் ஒரு தச்சரிடம் எங்கள் பலகையின் அளவிலேயே இன்னொரு பலகை அறுப்பித்தேன். அதில் வரையவேண்டியது எங்கள் வீட்டுப் பலகையையேதான். பச்சைத் துணி, சிவப்பு நாடா, ஆணிகள், நாடாவுக்குள் செருகியவை. ரீச்சர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். தட்டையான பொருட்களை மட்டும் வரை, பருத்த பொருளைக் கண் நம்பாது. நிழல் நூல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. சாயம் பளபளத்தால் காரியம் கெட்டுவிடும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை முதலில் முடிவுசெய். எங்கள் ஹோலில் பின்னேரம் கடல் பக்கத்து யன்னலால் இடமிருந்து வெளிச்சம் விழும். எல்லா நிழலையும் வலப்பக்கம் போட்டேன். கணவரின் ரயில் சீசன் டிக்கெட், ஒரு கல்யாண அழைப்பிதழ், என் கொம்புச் சீப்பு, மடித்த செய்தித்தாள் துண்டு. இவையெல்லாம் மூன்று மாதத்தில் முடிந்தன.

நடுவில் ஒரு இடம் விட்டிருந்தேன்.

ஐயாவின் பழைய கடிதங்கள் மூன்று என் பெட்டியில் இருந்தன. முகவரியை ஆங்கிலத்தில், சாய்த்து எழுதுவார். என் பெயருக்குக் கீழே சின்னக் கோடு ஒன்று இழுப்பார். அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் கொண்டுவர எனக்கு நாலு சனிக்கிழமை பிடித்தது. கை நடுங்க எழுதியது என்று அம்மா சொன்னதால் எழுத்துகளைக் கொஞ்சம் உடைத்தேன். அரசர் தலை போட்ட முத்திரை, அதன்மேல் யாழ்ப்பாணத் தபால் அடையாளம். பிறகு தபால்காரர் சொன்ன அந்த மூலை. ஈரம் ஊறிக் காய்ந்த உறை எப்படிச் சுருங்கும் என்று பார்க்க, வீட்டில் உறைகளை நனைத்து வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். மை நீலமாகக் கரைந்து பரவிய அந்த மூலையை வரைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், மாலையில் தாடை நோகும்.

"யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஒரே ஒரு ஆளை" என்றேன்.

சரஸ்வதி பூசைக்கு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்று மத்தியானம் மச்சாள் குளிக்கப் போனதும் பழைய பலகையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அதே ஆணியில் என் படத்தை மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே கை நீண்டது.

பின்னேரம் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அவலும் சுண்டலும் கொடுத்து முடிந்தது. மச்சாள் வெள்ளைச் சேலையோடு குசினி வாசலில் நின்று யாருக்குக் கோப்பி, யாருக்குத் தேத்தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டபடியே அவர் கண் பலகைக்குப் போனது. பழக்கம்தானே. போன கண் அங்கேயே நின்றது.

பூசைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒழுங்கைப் பிள்ளைகளை நான் பார்ப்பதுபோல் இருந்தேன்.

மச்சாள் அவசரப்படவில்லை. பெண்களுக்கு நடுவே கால் வைத்து வந்தார். ஒருத்தியின் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். பலகைக்கு முதுகு காட்டி நின்றார். பிறகு பாதி திரும்பி, இரண்டு விரலால் அந்த உறையைப் பிடித்து இழுத்தார். நகம் பலகையில் கீச்சென்றது. மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை முழுதாகத் திரும்பி, நகத்தால் விளிம்பைக் கிளப்பப் பார்த்தார். பாட்டு நின்றுவிட்டது.

"என்னக்கா தேடுறியள்?" என்று முன்வீட்டுப் பெண் கேட்டாள்.

"என்ர காயிதம் ஒண்டு" என்றார் மச்சாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன்.

"அது உங்கட காயிதமில்லை மச்சாள். என்ர ஐயான்ர. எடுங்கோவன்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஐந்து மாதம் டிராமில் போய்வந்தேன்.

"இது எப்பிடி இஞ்ச..." என்றார். "இதை நான் அடுப்பிலை வைச்சு... இது எரிஞ்சதெல்லோ!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண்களில் ஒருவர் மிச்சமில்லாமல், தபாலில் தவறிய கடிதத்துக்காக என்னோடு சேர்ந்து அழுதவர்கள். முன்வீட்டுப் பெண் எழுந்துபோய்ப் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயோ, இது கீறினது!" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கோப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். போகும்போது வயதான ஒருத்தி மட்டும் மச்சாளிடம் நின்று கேட்டாள், "அப்ப மலாயாவிலையிருந்து என்ர தம்பி எழுதினதெல்லாம் நீ உள்ளபடிதான் வாசிச்சனியோ?" மச்சாள் என்ன சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

கணவர் கந்தோரால் வந்ததும் மச்சாளே அழுது எல்லாவற்றையும் சொன்னார். சடங்கு முடிந்ததும் சொல்வோம் என்றுதான் இருந்தாராம். ஐயாவுக்கு எப்போதும் உடம்பு வருத்தம்தானே, இத்தனை கெதியாகப் போய்விடுவார் என்று நினைக்கவில்லையாம். கணவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீர் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும். இனி அதைக் கழட்டும்."

"கழட்டமாட்டன்."

"அக்கா தினம் அதைப் பாக்கவேணுமே?"

"ஓம். தினம் பாக்கவேணும்."

பார்த்தார். குசினிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போவார். ஒழுங்கையில் எவரும் கடிதம் வாசிப்பிக்க வருவதில்லை. தபால்காரர் என் கையில் தவிர வேறு யார் கையிலும் எதையும் கொடுப்பதில்லை. வெளியாட்கள் வந்தால் நான் வேண்டுமென்றே படத்தைக் காட்டுவேன். யாராவது ஏமாந்து உறையைத் தொட்டால் என் கண் மச்சாளைத் தேடும். எனக்கு அது இனித்தது. பல மாதம் இனித்தது.

ஒருநாள் மருமகள் என் அறைக்கு வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு அப்போது பதினாலு வயது.

"மாமி, என்ர சடங்காலைதானே நீங்கள் தாத்தாவைப் பாக்கேல்லை?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டேன். அவள் தாய்க்கும் இது தைக்கட்டும் என்ற எண்ணம்தான் அந்த ஒரு கணத்தில் இருந்தது. பிறகு இல்லையென்று சொன்னேன், கூப்பிட்டேன், தலையைத் தடவினேன். அவள் அதற்குப் பிறகு என் மடியில் படுக்கவில்லை. மச்சாளுக்குச் செய்ததற்கு நான் வருந்தியதில்லை. இதற்கு வருந்துகிறேன்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு எல்லோரும் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். கணவருக்குக் கந்தோர் லீவு இல்லை. நான் அவரோடு நின்றேன். மச்சாளையும் மருமகளையும் கோட்டை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். சனம் நெருக்கியடித்தது. கணவர் தண்ணீர் வாங்கப் போன நேரம் மச்சாள் ரயில் யன்னலால் என் கையைப் பிடித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"ஐயா என்ன எழுதினவர் எண்டு எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. சொல்லட்டே?"

உலகத்தில் அந்தக் கடிதத்தை வாசித்த ஒரே ஆள் அவர்தான். அது எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு நாளும் அவரிடம் கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அவர் எனக்கு ஏதோ தந்ததாகிவிடும், அதனால் கேட்கவில்லை.

"வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

ரயில் போய்விட்டது. வீடு வெறுமையானது. படம் மட்டும் இருந்தது. பார்த்துக் குனிய ஆளில்லாத வீட்டில் அது வெறும் பலகையாகத்தான் தெரிந்தது. எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு கணவருக்குத் தெரியாமல் மச்சாளுக்கு ஒரு வரி எழுதினேன். ஐயா எழுதியதை எழுதி அனுப்புங்கோ என்று மட்டும்.

பத்து நாளில் பதில் வந்தது. சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. ஐயாவின் கடிதம் மட்டும்.

"மகளுக்கு. எனக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்கிறது. மருமகளின் சடங்கு என்று அறிந்தேன். அதைக் குறைவில்லாமல் நடத்து. பிறகு வசதிப்பட்டால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. அவசரமில்லை."

வசதிப்பட்டால் என்பது ஐயாவின் சொல். தண்ணீர் கேட்டாலும் வசதிப்பட்டால் ஒரு செம்பு தா என்பார். மச்சாளால் அதைக் கற்பனை செய்திருக்க முடியாது. 'பிறகு' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அதை அடுப்பில் வைத்திருப்பார் என்று விளங்கியது. அவசரமில்லை என்று எழுதிவிட்டு ஐயா படலையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததும் விளங்கியது. நான் வாசித்திருந்தால் அன்றே ரயில் ஏறியிருப்பேன். ஐயாவின் 'அவசரமில்லை' எனக்குத் தெரியும். மச்சாளுக்குத் தெரியாது. அதனால்தான் அந்தக் கடிதத்தை வாசிக்க அவருக்கு உரிமை இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் நான் வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

கணவர் வந்தபோது உறை மேசையில் கிடந்தது. எழுத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா எழுதியிருக்கிறாவோ? என்னவாம்?"

"சுகமாம்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். அவர் உடுப்பு மாற்றப் போனார். நான் தேத்தண்ணீர் போடப் போனேன்.